அந்தக் கேள்விக்கு நான் "இல்லை" என்றேன்

போன வருடம் மாசி மாதம் எனக்குப் பின்நேரங்களில் காய்ச்சல் வரத் தொடங்கியது. காலையில் ஒன்றும் இராது. வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடிக்கும்போது உடம்பு கொதிக்கும். இரவில் பெனியன் நனைய வேர்க்கும். லண்டன் குளிர்தானே என்று பனடோல் போட்டுக்கொண்டு திரிந்தேன். மூன்று மாதத்தில் 9 கிலோ குறைந்தது. "என்ன, டயட்டில இருக்கிறியளோ?" என்று கோயிலில் கேட்டவர்களைச் சிரித்துச் சமாளித்தேன்.

இருமல் இல்லை. இடப்பக்க விலாவுக்குக் கீழே ஒரு பாரம் மட்டும் இருந்தது. ஸ்கான் எடுத்தபோது மண்ணீரல் வீங்கியிருந்தது. சி.ரி. ஸ்கானில் அதற்குள் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். நெஞ்சு எக்ஸ்றேயில் ஒன்றுமில்லை. லிம்போமா என்ற புற்றுநோயாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள்.

மொழிபெயர்க்க மகள்தான் கூட வந்தாள். வீட்டில் யாருக்காவது ரிபி இருந்ததா என்று டொக்டர் கேட்டார். மகள் அதைத் தமிழில் கேட்டாள். நான் "இல்லை" என்றேன்.

இருந்தது. சித்தப்பாவுக்கு. அப்போது எனக்கு 8 வயது. ஒரே அறையில்தான் பாய் போட்டுப் படுப்போம். கசம் என்று வெளியில் தெரிந்தால் மாமிமாரின் கலியாணம் குழம்பிவிடும் என்று, "அவனுக்குத் தொய்வு" என்றே அப்பாச்சி ஊருக்குச் சொல்லி வைத்தா. 45 வருடம் கழித்தும் அந்தப் பொய்யை நான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

மண்ணீரலை வெட்டி எடுத்துத்தான் பார்க்க வேண்டிவரலாம் என்று கதை வந்த அன்று இரவு, நித்திரை இல்லாமல் மகளை எழுப்பிச் சொன்னேன். "ஏனப்பா அண்டைக்குச் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டாள். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தாள்.

ஸ்கானில் பார்த்தபடி ஊசி விட்டு மண்ணீரலில் துணுக்கு எடுத்தார்கள். அதில் காசநோய்க் கிருமி இருந்தது. மரபணுச் சோதனை சீக்கிரமே சொல்லிவிட்டது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை அதை உறுதிப்படுத்தச் சில கிழமைகள் எடுத்தது. வெட்டத் தேவையில்லை என்றார்கள்.

பிறகு டொக்டர் விளங்கப்படுத்தினார். மூச்சோடு உள்ளே போகும் கிருமி இரத்தத்தில் கலந்து எந்த உறுப்புக்கும் போகலாம். உடம்பு அதை அடக்கி வைத்தால் பல பத்து வருடங்கள் தூங்கும். கிருமி தொற்றியவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக வரும். நீரிழிவு இருந்தால் அந்த ஆபத்து கூடும். எனக்கு அது 15 வருடமாக இருக்கிறது. மண்ணீரலில் மட்டும் வருவது அபூர்வம், அதனால்தான் கண்டுபிடிப்பது கடினம்.

மருந்து 6 மாதம். முதல் 2 மாதம் ரிஃபாம்பிசின், ஐசோநயசிட், பைராசினமைட், எதாம்பியூட்டோல் என்று நான்கு. அடுத்த 4 மாதம் முதல் இரண்டும் மட்டும். சலம் செம்மஞ்சளாகப் போனது. ரிஃபாம்பிசினால் அப்படித்தான் போகும், பயப்பட வேண்டாம் என்றார் தாதி. ஈரலுக்கு இரத்தச் சோதனை, கண்ணுக்குத் தனிச் சோதனை. நீரிழிவுக் குளிசையின் அளவையும் மாற்றினார்கள். காய்ச்சல் நின்ற பிறகு மருந்தை விட்டுவிட மனம் சொல்லும். விட்டால் கிருமி மருந்துக்கு மசியாமல் போகலாம்.

வீட்டில் என் கோப்பையைத் தனியாக வைத்தார்கள். நுரையீரலில் இல்லாததால் என்னிடமிருந்து தொற்றாது என்று தாதிதான் சொல்லித் தீர்த்தார். நுரையீரலில் வந்தவர்களைக்கூட ஒதுக்கத் தேவையில்லை என்பதைச் சென்னையில் 1956இல் தொடங்கிய ஆய்வு எப்போதோ காட்டிவிட்டது. நெருக்கமான வீடுகளில் இருந்தபடியே மருந்து எடுத்தவர்களும் சானடோரியத்தில் சேர்ந்தவர்களைப் போலவே குணமானார்கள். அவர்கள் வீட்டாருக்கும் அதனால் ஆபத்துக் கூடவில்லை. உலகத்துக்கே பாடமான ஆய்வு எங்கள் மொழி பேசும் ஊரில் நடந்தது. நாங்கள் இன்னும் கோப்பையைப் பிரிக்கிறோம்.

இங்கிலாந்தில் காசநோய் வருபவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். விசாவுக்கு எடுத்த நெஞ்சு எக்ஸ்றே சுத்தமாக இருந்தது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அது நெஞ்சை மட்டுமே காட்டும், தூங்கும் கிருமியைக் காட்டாது. பின்நேரக் காய்ச்சல், இரவு வேர்வை, காரணமில்லாத மெலிவு என்று மூன்று கிழமைக்கு மேல் இழுத்தால், எங்கே பிறந்தீர்கள், வீட்டில் யாருக்கு இருந்தது என்பதை டொக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். விசா இல்லாதவர்களும் பயப்படத் தேவையில்லை. இங்கே காசநோய்ச் சோதனையும் மருந்தும் எல்லோருக்கும் இலவசம்.

பெற்றோருக்காக மொழிபெயர்க்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். சில விஷயங்களை உங்களுக்கு முன்னால் எங்களால் சொல்ல முடியாது. அன்று ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ தெரியாது. ஆனால் கேட்டுப் பாருங்கள். அவரை ஒழுங்கு செய்து தருவார்கள்.

எனக்கு மருந்து முடிந்துவிட்டது. குறைந்த கிலோவில் ஏழு திரும்பி வந்துவிட்டது. சித்தப்பாவுக்கு இருந்தது கசம்தான் என்று இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன்.