கோழியின் போலி மரபணுக்கள்

வேலை செய்யும் மரபணு ஒன்றைப் பெரிதும் ஒத்திருந்தும், தலைப்பகுதி குறைந்தோ நடுவே சிதைந்தோ போனமையால் தானாக ஒன்றையும் உண்டாக்க இயலாது கிடக்கும் பகுதிகளுக்கு, 1977-ஆம் ஆண்டில் ‘போலி மரபணு’ என்று பெயர் சூட்டினார்கள். மனிதனிடத்தில் இவை ஆயிரக்கணக்கில் மலிந்திருக்க, 2004-இல் கோழியின் மரபுத்தொகுதி வாசிக்கப்பட்டபோது, மறுபிரதியாகிச் செருகப்படும் வகைப் போலிகள் அதில் மிக அபூர்வமாகவே காணப்பட்டன. இத்தனை சிக்கனமான பறவை, எதிர்ப்பொருள் என்னும் நோயெதிர்ப்புப் புரதத்துக்குரிய மரபணுவின் அருகிலோ போலிகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பது விசித்திரமன்றோ!

பதுவா நகரத்து உடற்கூற்றறிஞர் பாப்ரீஷியஸ் வர்ணித்த ஒரு சிறு பை, கோழியின் எச்சத்துவாரத்தருகே இருக்கிறது. எதிர்ப்பொருள் உற்பத்திக்கு அது இன்றியமையாதது என்பதை 1956-இல் புரூஸ் கிளிக்கும் அவர் தோழர்களும் காட்டினார்கள். எதிர்ப்பொருளை உண்டாக்கும் ‘பி செல்’ என்னும் பெயரிலுள்ள எழுத்தே அந்தப் பையின் பெயரிலிருந்து வந்ததுதான். எதிர்ப்பொருளின் இலேசான சங்கிலிக்கு நாமும் எலியும் பல மாறுபடு மரபணுத் துண்டுகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்துகொள்ள, கோழிக்கோ வேலை செய்யும் துண்டு ஒன்றே ஒன்று. அதற்குப் பக்கத்தில் ஏறக்குறைய 25 போலிகள். பைக்குள் பெருகும் ஒவ்வொரு செல்லும், அப்போலிகளில் ஏதேனும் ஒன்றின் சிறு பகுதியைப் பிரதியெடுத்துத் தன் நல்ல மரபணுவில் பதித்துக்கொள்வதால், ஒரே மூலத்திலிருந்து எண்ணற்ற வகை எதிர்ப்பொருள்கள் பிறக்கின்றன. ஊமை என்று தள்ளப்பட்டவை உண்மையில் பண்டகசாலையாக விளங்குகின்றன. இதனினும் அழகிய ஏற்பாட்டை நான் அறியேன்.

ஆனால் இந்தப் பதிப்பு வேலை அபாயமில்லாத காரியமன்று. ஒரு நொதி டி.என்.ஏ.வில் வேண்டுமென்றே பழுது உண்டாக்க, அப்பழுதைப் போலியைப் பார்த்துச் சீர்செய்யும் பொறுப்பு ராட்51 என்னும் புரதக் குடும்பத்தையும் அதற்குத் துணையான பிராக்கா2 புரதத்தையும் சேர்ந்தது. பிராக்கா2 பழுதுற்றால் பெண்களுக்கு மார்பகப் புற்றும் சூலகப் புற்றும் நேரும் அபாயம் மிகும் என்பது பலரும் அறிந்ததே. ஆகவே புற்றைத் தடுக்கும் கையும் போலியிலிருந்து பிரதியெடுக்கும் கையும் ஒன்றாகவே இருக்கின்றன. ராட்51-இன் உறவுப் புரதங்களுள் ஒன்றை நீக்கிய கோழிச் செல்களில், பிரதியெடுப்பு குன்றி, ஒற்றை எழுத்துப் பிழைகள் மலிந்ததை 2001-இல் கண்டார்கள்.

அந்தச் சோதனைக்கு உதவிய டிடி40 என்னும் செல்வரிசையும், வைரஸால் அந்தப் பையிலேயே தோன்றிய புற்றிலிருந்து பெறப்பட்டதாகும். புற்றாகி, உடலைவிட்டு நீங்கி, ஆய்வகத் தட்டில் பெருகும்போதும், அச்செல்கள் தம் போலிகளிலிருந்து பிரதியெடுத்துக்கொண்டே இருக்கின்றன.