அடிக்கும் முன் கட்டைப் பாருங்கள்

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஆறு கடலில் கலக்கிறது. கரையில் மணலும் சவுக்கும். மேற்கே வந்தால் நெல் வயல். இந்தப் பக்கம் சருகில் சரசரவென்று ஓடும் அரணையைக் கண்டாலே பலர் அடித்துவிடுகிறார்கள். கடித்தால் மரணம் என்ற பேச்சுதான் காரணம். அரணைக்கு விஷமே கிடையாது. ஓணானும் அப்படித்தான்.

பாம்பு விஷயம் அவ்வளவு எளிதல்ல. பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர்கள் முதலில் தேடுவது பாம்பை அல்ல, தடயத்தை: உரித்த சட்டை, எச்சம், எலி வளை வாயில் புழுதியில் பதிந்த தடம். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இவர்களது கூட்டுறவுச் சங்கம், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை மருந்து தயாரிக்கத் தருகிறது. வளையைத் தோண்டுவது அவர்கள் கைத்தொழில்; நாம் தடத்தைப் பார்த்து ஒதுங்கினால் போதும்.

வயலில் அதிகம் அடிபடுவது சாரை. பெரிய கண், உதட்டோரம் கறுப்புக் கோடுகள், படம் எடுக்காது. நாகமும் சாரையும் பிணைவதாகச் சொல்வார்களே, அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு. சாரையை அடித்தவர் வயலில் எலிக்குத்தான் கொண்டாட்டம்.

குழப்பம் கட்டுவிரியனில்தான். வெள்ளிக்கோல் வரையன் என்ற விஷமற்ற பாம்பும் வீட்டுக்குள் வரும், அதற்கும் உடலில் கட்டுகள் உண்டு. வரையனுக்குக் கழுத்தருகே கட்டுகள் பளிச்சென்று இருந்து வாலை நோக்கி மங்கும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு: கழுத்தை விட்டுத் தள்ளித் தொடங்கி, வால் பக்கம் தெளிவாகும்; பெரும்பாலும் இரண்டிரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகள். தள்ளி நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் அதன் கடியில் வலியோ வீக்கமோ அதிகம் இராது. தரையில் படுத்தவர் எறும்பு என்று நினைத்துத் தூங்கிவிடுவார். விடியலில் வயிற்று வலி, இமை சரிவு. உடனே 108-ஐ அழையுங்கள். கீறவோ இறுகக் கட்டவோ கூடாது. பாம்பைப் பிடித்துக்கொண்டு ஓடவும் தேவையில்லை. நம் நாட்டு விஷமுறிவு மருந்து அந்த நான்கிற்கும் ஒன்றேதான்.

களத்திலோ மோட்டார் கொட்டகையிலோ காவலுக்குப் படுப்பவர்கள் கட்டிலில், கொசுவலை ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிக்கொண்டு படுக்கட்டும்.