பல வகுப்புகள், ஓர் ஆசிரியர்

ஊவா மாகாணத்துத் தோட்டப் பாடசாலைகளிற் பணியாற்றும் ஆசிரியர்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் ஒரு சிக்கலைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். எல்ல, தெமோதரை, பண்டாரவளை முதலிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலை மலைகளிற் சிறிய பாடசாலைகள் பல உண்டு. ஆசிரியர் தொகை குறையும்போது, ஒருவரே இரண்டு மூன்று தரத்து மாணாக்கரை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்க நேரிடுகின்றது. ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கையில் மற்றை வகுப்புச் சும்மா இருக்கின்றது. சும்மா இருக்கும் பிள்ளை பேசத் தொடங்குகின்றது. பேசும் பிள்ளையை அதட்டுவதிலேயே ஆசிரியரின் நேரம் கழிந்துவிடுகின்றது. இதற்கு என்ன வழி?

இந்நிலை நேற்று இன்று தோன்றியதன்று. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தியது. அக்காலத்துத் தோட்டப் பாடசாலை பெரும்பாலும் ஓரறையும் ஓராசிரியருமாகவே இருந்தது. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் அதன் முழுப் பயன் மலைநாட்டை எட்டவில்லை. 1977 முதற்கொண்டே அப்பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. கட்டடங்களும் ஆசிரியர் நியமனங்களும் பின்னர் பெருகின. எனினும், பல தரங்களை ஒருவரே நடத்தும் வழக்கம் முற்றாக ஒழிந்துவிடவில்லை.

முதலாவதாக, நாளைப் பங்கிடும் முறையைக் கவனிப்போம். பாடசாலை தொடங்குமுன்னரே மூத்த வகுப்பினருக்குரிய வேலையைக் கரும்பலகையின் ஒரு பாதியில் எழுதிவிடுதல் வேண்டும். அவர்கள் தாமாக வேலை செய்யும் முதல் அரைமணி நேரத்தை, தனியே வேலை செய்யப் பழகாத முதலாந் தரத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் கொடுக்கலாம். பின்பு சிறுவரை எழுத்துப் பயிற்சியிலோ விதைகளை எண்ணுவதிலோ அமர்த்திவிட்டு மூத்தவரிடம் செல்லலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தகரக் கூரைமேல் மழை கொட்டுகையில் எவருடைய குரலும் எடுபடாது. வாய்ப்பாடத்தை மழை ஓயும் வேளைக்கு ஒதுக்கி, எழுத்து வேலையை மழை நேரத்துக்கு வைத்துக்கொள்பவருக்கு ஒரு நாளும் வீணாகாது.

இரண்டாவதாக, எல்லாப் பாடங்களையும் வகுப்புக்கு வகுப்பு பிரித்தே கற்பிக்க வேண்டும் என்ற நியதி இல்லை. ஒரே பொருளைப் பல படிகளிற் கற்பிக்கலாம். தேயிலைக் கொழுந்தையே எடுத்துக்கொள்வோம். முதலாந் தரத்துப் பிள்ளை இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக எண்ணிப் படம் வரையும். மூன்றாந் தரத்துப் பிள்ளை கொழுந்து மடுவத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதும். ஐந்தாந் தரத்துப் பிள்ளைக்கு ஒரு கணக்கைக் கொடுக்கலாம்: காலையில் 7 கிலோ, நண்பகலில் 6 கிலோ, மாலையில் 5 கிலோ கொழுந்து நிறுக்கப்பட்டு, ஒவ்வொரு நிறுவையிலும் ஒரு கிலோ கழிக்கப்பட்டால் எஞ்சுவது எவ்வளவு? பதினைந்து கிலோ என்று விடை காணும் பிள்ளை, நாளைக்குத் தன் தாயின் சம்பளத் துண்டையும் வாசித்துச் சரிபார்க்கும். கல்வி தமக்குப் பயன்படுவதைப் பெற்றோர் கண்ணாற் காண்பதற்கு இதனினும் சிறந்த வழி வேறில்லை.

மூன்றாவதாக, மூத்த மாணாக்கரின் துணையைக் கூறவேண்டும். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களிற் சட்டாம்பிள்ளை என்றொருவர் இருந்ததை அறிவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியொன்றை நடத்திய அன்டுரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு, அதனைத் தம் விடுதியிலும் புகுத்தினார். மாணாக்கரைக் கொண்டே மாணாக்கருக்குக் கற்பித்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியாக அது ‘மதராஸ் முறை’ எனப் பிறநாடுகளிலும் பரவியது. நாமும் அதனைக் கையாளலாம். ஆயினும் அளவோடு கையாளல் வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றையே நாள்தோறும் சட்டாம்பிள்ளையாக்கினால் அதன் சொந்தப் படிப்புக் கெடும். முறைமாற்றி, ஒருவருக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேற்படாமல் விடுதல் நன்று. பிரம்பையோ தண்டிக்கும் உரிமையையோ எப்பிள்ளையின் கையிலும் கொடுத்தலாகாது.

இனி, எல்லாவற்றினும் முக்கியமான செய்திக்கு வருகின்றேன். தோட்டத்துப் பிள்ளை பாடசாலைக்கு வராத நாட்கள் உண்டு. மழையும், நோயும், தம்பி தங்கையரைப் பார்க்கும் பொறுப்பும் அதனைத் தடுக்கும். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வரும்போது பாடம் வெகுதூரம் சென்றிருக்கும். விளங்காத பாடத்தின் நடுவே நாணி அமர்ந்திருக்கும் பிள்ளை, மறுவாரமும் நின்றுவிடும். பின்பு வாராமலே போய்விடும். இடைவிலகல் பல வேளைகளில் இவ்வாறே தொடங்குகின்றது.

தென்னமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டின் கோப்பி மலைகளிலும் இதே துன்பம் இருந்தது. அறுவடைக் காலத்திற் பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றனர். 1970களில் அங்கே ‘புதிய பள்ளி’ என்னும் முறை தோன்றியது. பாடங்களைச் சிறு படிகளாகப் பிரித்துக் கைந்நூல்களாக்கி, நின்ற பிள்ளை விட்ட படியிலிருந்தே தொடர வழி செய்தனர். 2003இற் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிற் தொடங்கி, 2007இல் தமிழகமெங்கும் விரிந்த செயல்வழிக் கற்றலும், அட்டைகளையும் கற்றல் ஏணியையும் கொண்டு இவ்வழியே சென்றது. நம் ஆசிரியர் பெருஞ்செலவு செய்யவேண்டியதில்லை. பழைய நாட்காட்டி அட்டைகளின் பின்புறத்தில், அட்டைக்கு ஒரு படியாக, வாசிப்புக்கும் கணிதத்துக்கும் பயிற்சிகளை எழுதி எண்ணிட்டு வைத்தாற் போதும். வரவு இடாப்புக்கு அருகே, ஒவ்வொரு பிள்ளையும் எத்தனையாம் அட்டையில் நிற்கின்றது என்பதையும் குறித்துக்கொள்ளலாம். திரும்பி வரும் பிள்ளையிடம் “ஏன் வரவில்லை?” என்று கேட்குமுன், “உன் அட்டை இதோ” என்று எடுத்துக் கொடுக்கலாம்.

பெற்றோரைக் காண்பதிலும் இதே பரிவு வேண்டும். வேலை நாளிற் காலையில் அவர்களைப் பாடசாலைக்கு அழைத்தால் அன்றைய கூலி போய்விடும். மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ லயத்துக்குச் சென்று, பிள்ளையின் நற்செயல் ஒன்றை முதலிற் சொல்லிப் பேச்சைத் தொடங்கினால், அடுத்த நாள் அப்பிள்ளையின் இடம் வெறுமையாக இராது.

இவையெல்லாம் ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்பும் கடமையிலிருந்து அதிகாரிகளை விடுவிப்பன ஆகா. நியமனத்தைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. ஆனால், நியமனம் வரும்வரை பிள்ளையின் வயது காத்திராது. ஆதலால், வராத பிள்ளைக்காகப் பாடமாவது காத்திருக்கட்டும்.