கலயத்துச் சுண்ணாம்பு

பனையேறுபவர் மண்கலயத்தைப் பாளையில் கட்டும் முன் அதன் உட்புறத்தில் சுண்ணாம்பைப் பூசுகிறாரே, எதற்காக என்று எண்ணிப் பார்த்ததுண்டா? நாஞ்சில் நாட்டு நெல்வயல்களைத் தாண்டி, அகஸ்தீஸ்வரம் பக்கத்து மணற்பாங்கான நிலங்களுக்கோ விளவங்கோட்டுப் பகுதிக்கோ போனால் இதைக் காணலாம். பதநீருக்கு அங்கே அக்கானி என்று பெயர். சுண்ணாம்பு பூசினால் கிடைப்பது அக்கானி, பூசாவிட்டால் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, சாறும் ஒன்றுதான்!

பாளையைச் சீவியதும் சொட்டும் சாற்றில் 100 மில்லி லிட்டருக்குச் சுமார் 12 கிராம் சர்க்கரை உண்டு, பெரும்பாலும் சுக்ரோஸ். இவ்வளவு இனிப்பு உச்சிமரத்தில் மணிக்கணக்காகத் தொங்கினால் நுண்ணுயிர்கள் சும்மா இருக்குமா? காற்றிலிருந்தும், பூச்சிகளின் கால்களிலிருந்தும், பழங்கலயத்தின் நுண்துளைகளிலிருந்தும் ஈஸ்ட்டும் பாக்டீரியாக்களும் வந்து சேருகின்றன. ஈஸ்ட், இன்வர்டேஸ் என்ற நொதியைக்கொண்டு சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கிறது. பிறகு அவற்றை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. கள்ளில் பொங்கும் நுரை இந்த வாயுவே. புளிப்போ, பாக்டீரியாக்கள் உண்டாக்கும் அமிலங்களால் வருவது.

நீற்றிய சுண்ணாம்பு ஒரு காரம். காரத்தன்மை ஏறிய சாற்றில் நுண்ணுயிர்கள் பெருக முடிவதில்லை. இன்வர்டேஸும் முடங்கிப் போகிறது. கருப்பட்டி காய்ச்சுபவருக்கு இது மிக முக்கியம். சுக்ரோஸ் உடைந்துவிட்டால் எவ்வளவு காய்ச்சினாலும் பாகு இறுகாது, பிசுபிசுவென்றே நிற்கும். ஏறி இறங்கிய உழைப்பும் எரித்த விறகும் வீண். அதற்காகச் சுண்ணாம்பை அள்ளிப் பூசவும் முடியாது. நிறமும் சுவையும் கெடும். அளவறிந்து பூசுவது கைப்பழக்கம்.

ஐரோப்பாவில் பீர் வடிப்பவர்களுக்கும் இதுபோன்ற தொல்லை உண்டு. அவர்கள் ஹாப்ஸ் என்னும் கொடியின் பெண்பூங்கொத்துகளைச் சேர்க்கிறார்கள். அதன் கசப்புப் பொருள்கள் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் பலவற்றைத் தடுக்கும், ஈஸ்ட்டை விட்டுவிடும். சுண்ணாம்போ இரண்டையும் தடுக்கிறது. ஹாப்ஸ் கொடியை நம் வீட்டுக் கொல்லையில் வளர்க்கலாமே என்கிறீர்களா? கோடைப் பகல் நன்கு நீளும் நாடுகளில்தான் அது பொதுவாகச் செழித்துப் பூக்கும். 8 பாகை அட்சத்திலுள்ள குமரியில் மிக நீண்ட பகலே சுமார் 12½ மணி நேரம்தான்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. ஆகவே கலயத்துச் சுண்ணாம்பு, வேதியியலுக்கு மட்டுமல்ல, சட்டத்துக்கும் எல்லைக்கோடு!

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். வெள்ளைத் தாளை மஞ்சள் கரைசலில் நனைத்து, உலர்த்தி, துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். நன்கு சுண்ணாம்பு சேர்ந்த பதநீரில் ஒரு துண்டைத் தோய்த்தால் சிவக்கும். அந்தப் பதநீரை மூடாமல் வைத்து, இரண்டு மணிக்கொரு முறை புதுத் துண்டால் சோதியுங்கள். காற்றிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக்கிவிடுவதால், சிவப்பு வரவரக் குறையும். தாள் மஞ்சளாகவே நின்ற பிறகு, நுரை எப்போது தோன்றுகிறது என்று குறித்து வையுங்கள். அதைக் குடிக்க வேண்டாம்.