விமானியின் கத்தியும் மலையடிவாரத்து அரிவாளும்

விமானியின் உயிர்காப்புக் கத்தி
அமெரிக்கா. கார்பன் எஃகு, 5 அங்குல அலகு, தோல் வளையங்கள் அடுக்கிய கைப்பிடி

விமானம் விழுந்தபின் விமானியிடம் எஞ்சும் கருவி இது. முதுகிலுள்ள ரம்பப் பற்கள் விமானத்தின் அலுமினியத் தகட்டை அறுத்து வெளியேற உதவும். கைக்காப்பிலுள்ள துளைகளில் கயிறு கோத்துக் கம்பில் கட்டினால் ஈட்டி. உறையின் பையில் சாணைக்கல்.

கேமில்லஸ், ஒன்டாரியோ நிறுவனங்கள் இதைப் படைக்குச் செய்தன. பொதுமக்களுக்கும் இதே வடிவம் விற்பனைக்கு வந்தது. சேகரிப்பாளர்கள் முதலில் தேடுவது கைப்பிடியின் அடிக்குமிழில் பொறித்த பெயரையும் மாதத்தையும் ஆண்டையும்தான். தோலுறைக்குள்ளேயே வைத்திருந்தால் அலகு துருப்பிடிக்கும். எண்ணெய் தடவித் தனியே வைக்க வேண்டும்.

அரிவாள்
பட்டறை வேலை. இரும்பு, மரப்பிடி

ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பில் தேனும் கிழங்கும் எடுக்கும் பளியர் பழங்குடியினருக்கும், ராஜபாளையம் தென்னந்தோப்புத் தொழிலாளிக்கும் அன்றாடத் துணை. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்தும் கொல்லர்கள் இதைச் செய்கிறார்கள். முள்ளை விலக்கும், விறகு பிளக்கும், இளநீர் சீவும் வளைந்த அலகு.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று ஆபத்துக்காகக் காத்திருப்பது; மற்றொன்று நாள்தோறும் உழைப்பது. காட்டில் தனித்து நிற்கும் மனிதனின் கைக்கு உரம் சேர்ப்பவை இரண்டுமே.