அட்டையில் ஓர் ஆசனம்

ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டி சில மாதங்கள் பரணில் கிடக்கும். பிறகு பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறி, சில்லறையாகக் கைக்கு வரும். அதே அட்டையில் ஒரு ஆள் உட்காரக்கூடிய முக்காலி செய்யலாம் என்றால் நம்புகிறவர்கள் குறைவு.

ஃபிராங்க் கெரி நம்பினார். ஸ்பெயினில் பில்பாவோ கூகன்ஹைம் அருங்காட்சியகத்தை வடிவமைத்த அதே கட்டடக் கலைஞர்தான். அந்தப் புகழுக்கு வெகுகாலம் முன்பே, 1970களின் தொடக்கத்தில், நெளி அட்டைகளை அடுக்கி ஒட்டி 'ஈஸி எட்ஜஸ்' என்ற பெயரில் மலிவான நாற்காலிகளை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். நல்ல வரவேற்பு. ஆனால் தன்னை நாற்காலி செய்பவர் என்றே உலகம் நினைத்துவிடுமோ என்று அஞ்சி, அவரே அதை நிறுத்திவிட்டார். 1972இல் அவர் வடிவமைத்த பாம்புபோல் வளைந்த 'விகிள்' நாற்காலியை சுவிட்சர்லாந்தின் விட்ரா நிறுவனம் பின்னாளில் மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வீரர்கள் படுத்ததும் அட்டைக் கட்டில்களில்தான். 200 கிலோ வரை தாங்கும் என்றது தயாரிப்பாளர் தரப்பு.

இந்தப் பலத்துக்குக் காரணம் அட்டையின் உள்ளே இருக்கிறது. பெட்டியைக் கிழித்துப் பார்த்தால், இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் ஒட்டியிருக்கும். அந்த அலைகள் செங்குத்தாக நிற்கும்படி வைத்தால் வரிசைத் தூண்கள்போல எடையைத் தாங்கும், படுக்கவைத்தால் நசுங்கிவிடும். முக்காலி செய்பவர் மறக்கக் கூடாத முதல் பாடம் இதுதான். அட்டைகளில் பாதி ஆழத்துக்குக் காடி வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று குறுக்காகச் செருகி நிறுத்தினால் கால்பகுதி தயார். அதன்மேல் நாலைந்து அட்டைகளை, ஒன்றின் நெளி அடுத்ததற்குக் குறுக்கே ஓடுமாறு, ஃபெவிகால் தடவி ஒட்டி, புத்தகங்களைப் பாரமாக ஏற்றி ஓரிரவு காயவிட்டால் இருக்கையும் தயார். சிறிய பெட்டிகளின் மூன்றடுக்கு அட்டையைவிட, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்ற கனமான பொருள்கள் வரும் ஐந்தடுக்கு அட்டையே நல்லது.

நம் ஊரில் இதற்கு எதிரிகள் ஈரமும் கறையானும். பழைய தாளை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து, பானைமேல் அப்பிக் கூடை செய்த நம் பாட்டிமார்கள், வெந்தயத்தின் கசப்பு பூச்சியை அண்டவிடாது என்பார்கள். மைதாப் பசையோ பூச்சிகளுக்குத் தீனி, அதைத் தவிர்க்கலாம். வெட்டிய ஓரங்களைத் தாள் ஒட்டி மூடி, முழுவதும் வார்னிஷ் இரண்டு முறை பூச வேண்டும். வீடு துடைக்கும் தண்ணீர் படாதபடி அடியில் ரப்பர் துண்டுகள் ஒட்டுவதும் அவசியம்.

அடுத்த பெட்டியை எடைக்குப் போடும் முன் ஒரு சின்ன முக்காலி செய்து பாருங்கள். அதன்மேல் ஏறி நின்று பரணை எட்ட மட்டும் வேண்டாம்.