புளகாங்கிதம்: ஒரு சொல்லும் அதன் பயன்பாடும்

புளகம் என்பது மயிர்க்கூச்சு. அங்கிதம் என்பது அடையாளம். இவ்விரு வடசொற்களும் இணைந்த 'புளகாங்கிதம்', உணர்ச்சி மேலீட்டால் உடல் சிலிர்த்த நிலையைக் குறிக்கும். வடமொழி நாட்டிய மரபு மயிர்க்கூச்செறிதலை எண்வகைச் சாத்துவிக பாவங்களுள் ஒன்றாகக் கொண்டது. பக்தி மரபில் அது அடியவரின் மெய்யடையாளமாயிற்று. மயிர்க்கூச்சு ஒருவர் விரும்பி வருவித்துக்கொள்ளத்தக்கதன்று என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

தற்கால வழக்கிலோ, வாழ்த்துரையிலும் அணிந்துரையிலும் பேசுவோர் தாமே 'புளகாங்கிதம் அடைகிறேன்' என்கின்றனர். உடற்குறி மறைந்து பிரகடனம் மட்டும் எஞ்சியுள்ளது. இதனாலேயே விமர்சன எழுத்தில் இச்சொல் பெரும்பாலும் ஏளனக் குறிப்புடன் வருகின்றது. ஆராயாது உருகுவோரை அது சுட்டுகின்றது. (ஈழத்துப் பேச்சில் மகிழ்ச்சியைக் குறிக்கும் 'புளுகம்', பொய்யைக் குறிக்கும் 'புளுகு' ஆகியவற்றை இதனோடு முடிச்சுப்போடும் ஆசை எவருக்கும் எழும். ஓசையொற்றுமை மட்டும் சொற்பிறப்புக்குச் சான்றாகாது.)

இத்தகைய உருக்கத்தின் சமூகப் பணியை விளங்கிக்கொள்ள மட்டக்களப்பு தக்க களமாகும். அங்கு தமிழர் - முஸ்லிம் உறவைப் 'பிட்டும் தேங்காய்ப்பூவும்' என்பர். குழலில் மாவும் பூவும் மாறிமாறி இடப்படுவது போலவே, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் இரு சாராரின் ஊர்களும் அமைந்துள்ளன. காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி, மருதமுனை எனத் தெற்கு நோக்கிச் செல்லும் எவரும் இதனைக் காணலாம். தாய்வழிக் குடிமுறையும் இருவருக்கும் பொது. எனவே உவமைக்கு வயலிலும் சந்தையிலும் வேர் உண்டு.

ஆயின் மேடையில் அவ்வுவமை புளகாங்கிதமாக மாறும்போது வேர் அறுபடுகின்றது. போடியார் யார், கூலிக்காரர் யார், காணி எவர் கையில் உள்ளது என்ற வினாக்கள் எழுவதில்லை. 1990 ஜூலையில் காத்தான்குடிக்குச் சென்றுகொண்டிருந்த முஸ்லிம் பயணிகள் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளால் வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர்; அதே மாதம் வீரமுனையில் தமிழர் கொல்லப்பட்டனர். பிட்டையும் தேங்காய்ப்பூவையும் பாடும் உரைகள் இத்திகதிகளைத் தொடாமலே நிறைவெய்துகின்றன.

உறவை விரும்புவோரை எள்ளுவது நமது நோக்கமன்று. குருக்கள்மடத்தில் மாண்டோரின் உறவினர் ஒற்றுமை குறித்த வாழ்த்துரையைக் கேட்கவில்லை. எச்சங்களைத் தோண்டியெடுத்து மார்க்க முறைப்படி நல்லடக்கம் செய்ய வேண்டும் என்றே அவர்கள் கேட்டு வந்துள்ளனர்.